ஓடைக்கு விட்ட இடம்

மரியே வாழ்க

மண்ணூர்
7.7.2024

செல்விக்கு உன் மாமியார் லூர்தம்மா எழுதறது.

அஞ்சாவதுக்கு மேல படிக்காதவ எழுதறேன். தப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சிக்கோ. சொகமான்னு கேட்டு ஆரம்பிக்கணும். எனக்கு அத எழுத கை வரல. நீ எப்டி இருப்பேன்னு எனக்குத் தெரியும், நான் எப்டி இருப்பேன்னு உனக்குத் தெரியும்.

போன் பண்ணலாமேன்னு நெனப்ப. போன தடவ பண்ணப்ப நீ அத்தைன்ன, நான் செல்வின்னேன். அப்புறம் ரெண்டு பேரும் அழுதுகினே இருந்தோம். காது சுட்டதுதான் மிச்சம். இப்ப உங்கிட்ட கேட்டே ஆவ வேண்டிய விஷயம் ஒண்ணு கீது. அழுதுகினே அத கேக்க முடியாது. அதான் காயிதம்.

வூட்டு விஷயம்.

அஸ்திவாரம் போட்டது போட்டபடி நிக்குது. என் புள்ள நெலவன் அன்னிக்கி காலைல அதுக்கு தண்ணி வுட்டுட்டுதான் செகண்ட் ஷிப்ட்டுக்குப் போனான். திரும்பி வரப்ப ஒரகடம் ரோட்ல அந்த கண்டெய்னர் லாரி. அதுக்கப்புறம் அந்த சிமெண்ட்டுக்கு யாரும் தண்ணி ஊத்தல. மேஸ்திரி ரத்தினம் வந்து, "இன்னாக்கா, கட்றியா வுடறியா? கம்பி துரு ஏறிகினே கீது"ன்றான்.

நீ வரைஞ்ச பிளானு காலண்டர் ஆணியிலதான் தொங்குது. எடுத்துக் காட்டினேன். இப்டி திருப்பிப் பாத்தான், அப்டி திருப்பிப் பாத்தான். "இது வூடா ஸ்டேஷனாக்கா? இந்தாண்ட ஒரு பிளாட்பாரம், அந்தாண்ட ஒரு பிளாட்பாரம், நடுவுல ரயிலா போவுது?"ன்னு கேக்கறான். நான் இன்னாத்த சொல்றது? என் புள்ளையும் நீயும் குனிஞ்சி குனிஞ்சி வரைஞ்சப்ப நான் டீ போட்டுக் குடுத்ததோட சரி. சிவில் டிப்ளமா படிச்சிட்டு போன் கம்பெனி லைன்ல நின்னவ நீ, படிச்சது வீணாவலன்னு அவன் ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தான். நடுவுல எதுக்கு எடம் வுட்டீங்கன்னு நான் கேக்கவே இல்ல.

நீ எழுது. நான் படிச்சிக் காட்டி கட்ட வெக்கறேன். அவன் வூடு பாதியில நிக்கக் கூடாது.

இன்னொண்ணு. மனசுல வெச்சிக்க முடியல. முப்பதாம் நாள் பூசைக்கு நீ இல்ல. உங்க அண்ணன் கார் கொண்டாந்து நிறுத்தினான், நீ பையத் தூக்கினு ஏறிட்ட. போய்ட்டு வரேன்னு சொல்லல. போறேன்னாவது சொல்லியிருக்கலாம்.

லூர்தம்மா

*

உ

களக்காடு
19.7.2024

அன்புள்ள அத்தைக்கு செல்வி எழுதுதது.

போய்ட்டு வாரேன்னு சொன்னா திரும்பி வரணும். போறேன்னு சொல்ல வாய் வரல. அதான் ஒண்ணும் சொல்லாம ஏறுனேன்.

நீங்க கேட்டதுனால நானும் கேக்கேன். கல்லறை கேட்டுல உங்க தம்பி யாக்கோபு மாமா கையக் குறுக்க நீட்டி என்னய நிப்பாட்டுனாவ. "ஞானஸ்நானம் வாங்காத புள்ள, உள்ள வேண்டாம்"னாவ. நீங்க திரும்பிப் பாத்தீங்க. அப்புறம் முன்னால பாத்து நடந்துட்டீங்க. எல்லாரும் ஒரு கை மண்ணு போட்டாவ. உங்க மகன் வேலை பாத்த கம்பெனி வாசல்ல டீக்கடை வச்சிருக்க அண்ணாச்சி கூடப் போட்டாரு. பொண்டாட்டி நான் போடல. கேட்டுக் கம்பியப் புடிச்சிட்டு நின்னேன். அந்தத் துரு கையில ரெண்டு நாள் இருந்துச்சி. கழுவ மனசில்ல.

சரி, வீட்டைச் சொல்லுதேன்.

நம்ம மனை சமமில்ல அத்தை. பாக்க அப்படித் தெரியும். கிழக்க மேடு, மேற்க ஏரிப் பக்கம் பள்ளம். கிழக்க உள்ள வயக்காட்டுத் தண்ணியெல்லாம் மழைக்கு நம்ம மனை வழியாத்தான் ஏரிக்குப் போகுது. வருஷத்துல முக்காவாசி நாள் வறண்டு கிடக்கதுனால ஓடைன்னே தெரியாது, புல்லு முளைச்ச பள்ளம் மாதிரி இருக்கும். நானும் அவுகளும் டியூப்ல தண்ணி ஊத்தி மட்டம் பாத்தோம். அவுக ஒரு முனையப் புடிச்சாவ, நான் ஒரு முனைய. "இன்னாடி, பாம்பப் புடிச்ச மாரி நிக்கற"ன்னு என்னயக் கேலி பண்ணுனாவ.

எல்லாரும் லாரி மண்ணு அடிச்சி மேடாக்கிட்டு அதுக்கு மேல கட்டுதாவ. தண்ணி பக்கத்து வீட்டுக்குப் போகும். அவன் அதவிட மேடாக்குவான். நம்ம அப்படிச் செய்ய வேண்டாம், தண்ணிக்கு வழிய விட்டுட்டு ரெண்டு பக்கமும் கட்டுவோம்னு நான்தான் சொன்னேன். வடக்க உங்க பாதி. அடுப்படி, ஹால், உங்க ரூம். தெக்க எங்க பாதி. நடுவுல ஓடைக்கு மேல கூரை மட்டும் போட்ட நடை. அதுக்குச் சுவர் கிடையாது. ரெண்டு கூரையும் உள்பக்கமாச் சரியும், அதுல விழுத மழை ஓடையில விழணும். ஓடைக்கு ரெண்டு பக்கமும் படி. பூவரச வெட்டக் கூடாது, அந்த இடத்துல சுவரு வளைஞ்சி போகும், படத்துல பாருங்க.

அடுப்படி ஜன்னல் மேற்க, தாழ்வா, அகலமா இருக்கணும். நீங்க அரிசி களையும்போது ஏரி தெரியணும்னு அவுக சொன்னாவ. "எங்கம்மா கேண்டீன்ல ஜன்னலே இல்லாத ரூம்ல தட்டு கழுவுது"ன்னு சொன்னாவ.

தெக்க பனை வேலிக்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம், பயமா இல்லையான்னு நான் கேட்டேன். "செத்தவங்க சண்டைக்கு வர மாட்டாங்க, நல்ல அக்கம்பக்கம்"னு சிரிச்சாவ. அந்தச் சிரிப்பு என் காதுலயே இருக்கு.

என் பாதியக் கட்டவா வேண்டாமான்னு இப்ப கேக்காதீங்க. தெரியல.

செல்வி

*

மரியே வாழ்க

மண்ணூர்
18.8.2024

செல்விக்கு.

உன் காயிதத்த நாலு தடவ படிச்சேன். கல்லறை கேட்டு விஷயத்துக்கு இதான் பதில். அன்னிக்கி என் காலு நான் சொல்லி நடக்கல செல்வி. பொட்டி போச்சி, அது பின்னாடி போச்சி.

என் பாதிக்கு சுவரு ஏறிடிச்சி. நீ எழுதினத வரி வரியா ரத்தினத்துக்குப் படிச்சிக் காட்டினேன். அவனும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேச்சி பேசினான். "இம்மாம் தாழ்வா ஜன்னல் வெச்சா திருடன் குனியக்கூட வேணாம்க்கா, செருப்பக் கூட கயட்டாம வந்துடுவான்"ன்றான். "திருடினு போறதுக்கு இன்னா கீது, கட்டுடா"ன்னேன். மேற்கு பாத்த அடுப்பு ஆவாதுன்னு வாஸ்து சொன்னான். "நான் வேதக்காரி, எனுக்கு இன்னா வாஸ்து"ன்னேன். "ஏசு சாமிக்கும் தெசை உண்டுக்கா"ன்றான். வாய மூடினு வேல செய்யத் தெரியாது அவனுக்கு. ஆனா பூவரசு கிட்ட சுவர வளைச்சான் பாரு, நல்லா வந்துகீது. கிளைல அடி பட்டுடக் கூடாதுன்னு கவுறு கட்டி ஒதுக்கினு வேல செஞ்சான்.

கொழாயாண்ட மீனம்மா கேட்டா, "இன்னா லூர்து, வூட்டுக்கு நடுவுல ஆறு வுடறியாமே, படகு வாங்கிட்டியா?"ன்னு. "நீதான் துடுப்பு போடணும், உன் ஒடம்புக்கு வேற ஆள் தேவையில்ல"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன். சிரிச்சப்புறம் கொடத்த அப்டியே வெச்சிட்டு வூட்டுக்கு வந்துட்டேன். என் புள்ள போனப்புறம் அதான் மொத சிரிப்பு. எனுக்கே அசிங்கமா இருந்திச்சி.

நமக்கு மேற்கால, ஏரிக்கு முன்னாடி நரசிம்மன் நெலம் கீதே, வித்துட்டாரு. குடோன் வரப் போவுதாம். கல்லு நட்டுட்டாங்க. ஜேசிபி ரெண்டு வந்து நிக்குது. ஜன்னல்ல இருந்து பாத்தா மஞ்சளா அதுங்கதான் தெரியுது. இன்னா பண்றது, நீ சொல்லு.

என் பாதிக்கு அடுத்த மாசம் கான்கிரீட் போடணும். அன்னிக்கி நீ வந்து நிக்கணும். புள்ள குட்டி இருந்தா பேத்தியக் கூட்டினு வாடின்னு உரிமையா கூப்டுவேன். எந்த உரிமைல கூப்டறதுன்னு தெரியல. ஆனாலும் கூப்டறேன். உன் பாதிக்கு செங்கல் எறக்கட்டுமா?

லூர்தம்மா

*

உ

களக்காடு
5.9.2024

அத்தைக்கு.

எங்க அண்ணன் இசக்கிதுரை ஒரு இடம் கொண்டு வந்திருக்கான். மாப்பிள்ளை திருப்பூர்ல கட்டிங் மாஸ்டரா இருக்காவ. அவுகளுக்கும் பொண்டாட்டி செத்துட்டா. அண்ணனுக்குக் கெட்ட எண்ணம் இல்ல. அம்மா கூடவே படுத்துக்கிடுதா, ராத்திரி நான் முழிச்சா அவளும் முழிக்கா. "நான் கண்ண மூடுறதுக்குள்ள ஒரு வழி சொல்லு"ங்கா. நான் வழி சொல்லாததுனால அவுகளே ஒரு வழி பாத்துட்டாவ. முடியாதுன்னு ஒரு தடவ சொன்னேன். ரெண்டாவது தடவ சொல்லத் தெம்பில்ல.

வேலைக்குத் திரும்பி வந்து ஹாஸ்டல்ல இருக்கேன்னும் கேட்டுப் பாத்தேன். அந்த ரோட்டுப் பக்கமே போகக் கூடாதுங்கான்.

என் பாதியக் கட்டாதீங்க அத்தை. செங்கல் எறக்காதீங்க.

குடோனுக்கு நான் என்ன செய்ய? மேற்க கட்டடம் வந்தா ஏரி தெரியாது. ஜன்னல நான் வரையலாம். ஜன்னலுக்கு வெளிய உள்ளத நான் வரைய முடியாதே.

செல்வி

*

மரியே வாழ்க

மண்ணூர்
29.9.2024

செல்விக்கு.

கான்கிரீட் போட்டாச்சி. யாரும் வரலன்னு நிக்கல.

உன் காயிதத்த யாக்கோபு கிட்ட காட்டினேன். "அப்பவே சொன்னேன்ல, அவ தங்கமாட்டா"ன்னான். உனுக்காக நான் ஒரு வார்த்த பேசல. எத வெச்சிப் பேசறது?

நீ வரலன்னா அந்தாண்ட பாதி எதுக்கு? அந்தப் பாதி இல்லன்னா நடுவுல வுட்ட எடம் எதுக்கு? யாக்கோபும் அதத்தான் கேட்டான், மூடிடுடான்னேன். குடோனுக்கு மண்ணு அடிக்கற லாரிக்காரன் கிட்ட சொல்லி நம்ம பக்கம் இருபது லோடு தட்ட வெச்சான். ஓடைய மூடியாச்சி. உன் பாதி அஸ்திவாரத்தையும் மூடியாச்சி. ஊரு வூடு எல்லாம் எப்டி கீதோ இதுவும் அப்டி கீது இப்ப. மேடா, சமமா. கோழி மேயுது. "இப்பத்தான் பாக்க வூடு மாரி கீது"ன்றாங்க வரவங்க போறவங்க எல்லாம்.

குடோன் சுவரும் எழும்பிடிச்சி. நம்ம கூரைய விட ஒசரம். அரிசி களையறப்ப அந்த சிமெண்ட்டு சுவரத்தான் பாக்கறேன். கேண்டீன்ல இருக்கற மாரியே கீது, எனக்கொண்ணும் புதுசில்ல.

உனுக்கு வயசு கீது. போ. நல்லா இரு. நான் வயிறெரிஞ்சி எழுதறதா நெனச்சிக்காத. எரியுதுதான். ஆனா உன் மேல இல்ல.

இனிமே கேக்க ஒண்ணியும் இல்ல.

லூர்தம்மா

*

உ

களக்காடு
4.10.2024

அத்தை, இந்தக் காயிதம் கிடைச்ச உடனே அந்த மண்ண எடுங்க.

காயிதம் வந்ததுல இருந்து போன் போட்டுட்டே இருக்கேன். மணி அடிக்கி, நீங்க எடுக்கல. கோவம்னு தெரியும். கோவம் அப்படியே இருக்கட்டும், மண்ண மட்டும் எடுங்க. ரத்தினம் மேஸ்திரி நம்பர் எங்கிட்ட இல்ல. அது அவுக போன்லதான் இருந்துச்சி.

ஓடைய மூடுனா தண்ணி வராம இருக்காது. கிழக்க இருந்து வந்துட்டேதான் இருக்கும். நம்ம மேட்டுல முட்டும். வடக்க ரோடு ஒசரம், அங்க ஏறாது. தெக்க திரும்பும். தெக்க என்ன இருக்கு அத்தை? பனை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் நம்ம மனைய விடப் பள்ளம். நாங்க டியூப் புடிச்சப்ப அந்தப் பக்கமும் புடிச்சிப் பாத்தோம். அப்ப அது வெறும் கல்லறைத் தோட்டம். இப்ப அங்க நம்ம ஆள் இருக்காவ.

போன காயிதத்துலயே ஓடைய விட்டுருங்கன்னு நான் ஒரு வரி எழுதியிருக்கணும். என் பாதி வேண்டாம்னு மட்டும் எழுதிட்டேன். அத நீங்க மூடுவீங்கன்னு எனக்குத் தோணல.

அண்ணன் கிட்ட நான் போறேன்னு சொன்னேன். "பேசி முடிச்ச பொண்ணு அங்கன போய் நின்னா ஊரு என்ன பேசும்"ங்கான். அம்மா வாசல்ல உக்காந்துக்கிட்டா.

மழைக்கு முன்னால எடுத்துருங்க. உங்க கால்ல விழுந்து கேக்கேன்.

செல்வி

*

மரியே வாழ்க

மண்ணூர்
3.11.2024

செல்விக்கு.

நேத்து கல்லறைத் திருநாள்.

நீ போன் பண்ணப்ப எல்லாம் பாத்துகினேதான் இருந்தேன். உன் பேரு எரியும், அணையும். எடுக்கல. உன் காயிதம் வந்த அன்னிக்கே ரத்தினத்தக் கூப்டேன். "மம்பட்டில எடுக்கற மண்ணாக்கா இது, ஜேசிபி வேணும்"ன்னான். ஊர்ல கீற ஜேசிபி எல்லாம் குடோன்ல நிக்குது. ஒருத்தன் நாளைக்கி வரேன்னான். நாளைக்கி மழ வந்திச்சி.

நீ எழுதினது எழுதின மாரியே நடந்திச்சி. கெழக்கால இருந்து செம்மண்ணா வந்திச்சி. நம்ம மேட்டுல முட்டி கொஞ்ச நேரம் யோசிக்கற மாரி நின்னுச்சி. அப்புறம் தெக்கால திரும்பிச்சி. நான் அடுப்பாங்கரை வாசல்ல நின்னு பாத்துகினு இருந்தேன். பனை வேலிக்குள்ள பூந்து போவுது. மொறத்த எடுத்துகினு ஓடினேன் செல்வி. மொறத்த எடுத்துகினு. இன்னாத்துக்கு மொறம்னு எனுக்கே தெரியல.

வருசா வருசம் கல்லறைய கழுவி சுண்ணாம்பு அடிச்சி செவந்தி மால போட்டு மெழுகுவத்தி ஏத்துவோம். அவங்கப்பாவுக்கு அவன் கையால ஏத்துவான். நேத்து அவனுக்கு நான் ஏத்தணும். ஊரு ஜனம் எல்லாம் ரோட்டுல நின்னுச்சி. உள்ள முட்டிக்கால் தண்ணி. சிலுவைங்க தலைதான் தெரியுது. ஃபாதர் ரோட்டுல நின்னே மந்திரிச்சாரு. மீனம்மா என்னப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிகினா. அவ திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். அவ வூட்டுக்காரனும் அங்கதான் கீறான்.

நான் எறங்கிப் போனேன். நெலவனுக்கு இன்னும் கல்லு கட்டல, ஒரு வருசம் ஆவணும்னு வெறும் மண்ணும் மரச் சிலுவையும்தான. மண்ணு உள்வாங்கிடிச்சி. சிலுவ சாஞ்சி கீது. நிமித்தி நிமித்தி வுடறேன், நிக்கல. மெழுகுவத்திய கையில புடிச்சினே நின்னேன், வெக்கறதுக்கு எடமில்ல. யாக்கோபு வந்து கையப் புடிச்சி இழுத்தான். "வாக்கா"ன்னான். "நீ தட்ன மண்ணுதானடா"ன்னேன். "நீதானக்கா தட்டச் சொன்ன"ன்னான். ரெண்டும் நெசம்.

திருநாளுக்கு முன்னாடியே, மழ வுட்ட ஒரு நாள்ல ரத்தினம் அவன் ஆளுங்களோட வந்து ஓடைய வெட்டினான். மம்பட்டிலயேதான். தொறந்துட்டோம். தண்ணி உள்ள வந்திச்சி. நீ வரைஞ்ச மாரியே நடுவுல ஓடிச்சி செல்வி. நானும் ரத்தினமும் பாத்துகினே நின்னோம். ஓடிப் போயி குடோன் சுவத்துல இடிச்சி நின்னுடிச்சி. அந்தாண்ட வழி இல்ல. ஏரி சுவத்துக்குப் பின்னாடி கீது. இது இந்தாண்ட நின்னு ரொம்பி, மறுபடியும் தெக்கால வழியுது.

குடோன் வாட்ச்மேன் கிட்ட கேட்டேன். தெக்கத்திப் புள்ள, வானமாமலைன்னு பேரு. "எனக்கு கேட்டத் திறக்கத்தான் அதிகாரம் அத்த, சுவத்தத் திறக்க இல்ல"ன்னான். ஆபீசுல மனு குடுத்தேன். வாங்கி வெச்சிகினாங்க. மழைக்கப்புறம் வந்து பாப்பாங்களாம்.

நீ படிச்சவ. இந்தத் தண்ணிய நான் எங்க அனுப்பட்டும்?

லூர்தம்மா

*

உ

களக்காடு
14.11.2024

அத்தைக்கு.

தண்ணிய எங்கயும் அனுப்ப முடியாது. மேற்க போக விடாம யாரும் சுவர் கட்டுவாவன்னு நான் நினைக்கல. ஏரிக்குப் போற தண்ணிய எவன் மறிப்பான்னு நினைச்சிட்டேன். நிலம் இப்ப இருக்க மாதிரியே எப்பவும் இருக்கும்னு நம்பி வரைஞ்சது என் படம்.

அனுப்ப முடியாட்டா நிக்க வைக்கத்தான் முடியும். இதோட புதுசா ஒரு படம் வரைஞ்சி வச்சிருக்கேன். ரத்தினம் மேஸ்திரிக்குப் புரியத மாதிரி பெருசாப் போட்டிருக்கேன். தெக்க எங்க பாதி இருந்துச்சில்லா, அந்த அஸ்திவாரத்தத் தோண்டி எடுத்துருங்க. கல்லெல்லாம் வெளிய வரட்டும். அந்த இடம் முழுசும் குளமா வெட்டுங்க, ஓடைய அதுக்குள்ள திருப்புங்க. வந்த கல்ல தெக்க வேலிப் பக்கம் கரையா அடுக்கச் சொல்லுங்க. வீட்டுக்கு வந்த தண்ணி வீட்டுலயே நிக்கட்டும். எவ்வளவு நிக்குதோ அவ்வளவு அவுகளுக்குக் குறையும். முழுசும் தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன். மழைய எனக்குக் கணக்குப் போடத் தெரியாது.

வரையும்போது கை அதுவாவே எங்க ரூம் சுவத்தப் போட்டுருச்சி. அப்புறம் அழிச்சேன். காயிதத்துல அந்தக் கோடு லேசாத் தெரியும். மேஸ்திரி கேட்டா அதக் கட்ட வேண்டாம்னு சொல்லிருங்க.

அடுப்படி மேற்கு ஜன்னல அடைச்சிருங்க. தெக்குச் சுவத்துல அதே அளவுக்கு ஒண்ணு திறங்க. அத அப்படியே தாழ்வாவே வைங்க.

தை மாசம் எனக்குக் கல்யாணம். திருப்பூருக்குப் போயிருவேன். அவுக நல்லவுக மாதிரிதான் தெரியுது. போன்ல பேசுனப்ப, "வீட்டுப் பிளான் எல்லாம் போடுவியாமே"ன்னு கேட்டாவ. மறந்து போச்சின்னு சொல்லிட்டேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கேன். குளம் வெட்டுற மண்ணுல ஒரு கை கல்லறையில அவுக மேல போடுங்க. என் பேரச் சொல்லிப் போடுங்க. மாமா நிப்பாட்டுனா விட்டுருங்க. சண்டை போட வேண்டாம்.

செல்வி

*

மரியே வாழ்க

மண்ணூர்
15.12.2024

என் மருமவ செல்விக்கு.

இந்த ஒரு தடவ இப்டி எழுதிக்கறேன்.

கொளம் வெட்டியாச்சி. இந்த தடவ ரத்தினம் படத்த இப்டி அப்டின்னு திருப்பல, நேரா புடிச்சான். அந்த அழிச்ச கோட்ட வெரலால தடவிப் பாத்தான். "இது இன்னாக்கா?"ன்னான். "அத கட்ட வேணாமாம்"ன்னேன். காயிதத்த மடிச்சி சட்டப் பையில வெச்சினு மம்பட்டிய எடுத்துட்டான்.

நெலவன் கூட வேல செஞ்ச பசங்க, மேன்ஷன்ல தங்கிகினு கீறானுங்களே உங்க ஊர்ப் பக்கத்துப் பசங்க, ஷிப்ட் முடிஞ்சி அப்டியே யூனிபார்மோட வந்தானுங்க. மீனம்மா சாந்துச் சட்டியத் தூக்கினு மொத ஆளா வந்தா. "படகு கேட்டல்ல, கொளமே வெட்டறேன் வா"ன்னேன். "சும்மா கெட லூர்து"ன்னு அழுதுட்டா. அஸ்திவாரக் கல்லு லேசுல வரல. நல்லா போட்டிருந்தான் என் புள்ள. ஒவ்வொரு கல்லா பேத்து எடுத்து கரையில அடுக்கினோம். ஒரு கல்லுல சிமெண்ட்டு ஈரமா இருந்தப்ப அவன் ஆணியால கீறி வெச்சிருக்கான். நி.செ.ன்னு. பூச்சுக்குள்ள போவப் போற கல்லுலதான் எழுதியிருக்கான், யாருக்கும் தெரியாத எடத்துல. அந்தக் கல்ல கரையில வெக்கல. என் ரூம்ல கீது.

மண்ண கூடையில அள்ளினு வேலிக்கு அந்தாண்ட போனேன். தண்ணி வடிஞ்சி சேறாத்தான் இருந்திச்சி. உள்வாங்கின எடத்துல கொட்டினேன். எல்லாருக்கும் கேக்கற மாரி, "இது இசக்கிசெல்வி போடற மண்ணு"ன்னு சொன்னேன். ஒரு கை கேட்ட, ஒரு கூடை போட்டேன். யாக்கோபு கேட்டாண்ட நின்னுகினு இருந்தான். குறுக்க வரல. கொஞ்ச நேரங்கழிச்சி அவனும் ஒரு கூடைய எடுத்தான். மீனம்மா வூட்டுக்காரன் மேலயும், மத்தவங்க மேலயும் போட்டோம். நம்ம வூட்டு மண்ணு அங்க பாதிப் பேருக்கு மேல கீது இப்ப.

சிலுவைய நட்டேன். மெழுகுவத்தி ஏத்தினேன். திருநாளு முடிஞ்சி போச்சின்னாங்க. முடிஞ்சா இன்னா?

மேற்கு ஜன்னல அடைச்சிட்டு தெக்கால தொறந்தாச்சி.

அப்புறம் மழ. மூணு நாளா வுடல. மனு குடுத்த எடத்துல இருந்து யாரும் வரல. சுவரு அப்டியேதான் நிக்குது. கொளம் ரொம்பினே கீது. கரையில மேல் வரிசக் கல்லுக்கு ஒரு சாண் கீழ வந்து நிக்குது தண்ணி. ரத்தினம் வந்து பாத்துட்டு, "இனிமே நம்ம கையில இல்லக்கா"ன்னு போயிட்டான். இன்னும் மழ கீதுன்னு டிவில சொல்றான். தாங்குமா செல்வின்னு உன்னக் கேக்கணும்னு வாய் வருது. நீ தெரியாதுன்னு முன்னாடியே சொல்லிட்ட. கல்யாணப் பொண்ணு கிட்ட இதெல்லாம் கேக்கவும் கூடாது.

இந்தக் காயிதத்துக்கு பதில் போடாத. திருப்பூர் வூட்டு அட்ரசும் எனுக்கு வேணாம். உன்ன அங்க யாராவது பிளான் போடுவியான்னு கேட்டா மறந்துட்டேன்னு சொல்லாத. அது ஒண்ணுதான் நான் சொல்றது.

ஜன்னல் நல்லா கீது. நின்னா இடுப்புக்கு வருது. அரிசி களைஞ்சா முன்னாடி தண்ணி தெரியுது, பூவரசு எலை உதுந்து மெதக்குது. தண்ணிக்கு அந்தாண்ட கரை. கரைக்கு அந்தாண்ட அவன் சிலுவ தெரியுது. களைஞ்ச தண்ணிய கீழ ஊத்த மனசு வரல, ஊத்தினா கொளத்துக்குத்தான போவும். குண்டான கையில வெச்சினு பாத்துகினு நிக்கறேன். ஒரு சாணுதான் கீது. அப்டியேதான் கீது, இது வரைக்கும்.

லூர்தம்மா